மல்லாந்தே கிடக்கட்டும்

பொழுது சாயத் தொடங்கினால் போதும், வேலியில் ஆள் புகுந்து வரும் பொட்டுக்குள்ளால் இராசமலரின் தலை தெரியும். பிறகுதான் உடம்பு வரும். இரண்டுக்கும் முன்னால் குரல் வந்துவிடும்.

"எங்கையடி என்ரை பிள்ளை? நுளம்பு தூக்கிக்கொண்டு போகப் போகுது, கொண்டா."

புனிதம் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாள். "இப்பதான் குடிக்கிறான் மச்சாள்."

"குடிச்சது காணும். வயிறு முட்டினால் நித்திரை வராது."

அவ்வளவுதான். நாலு மாதக் குழந்தை டிலக்ஸன் கை மாறிவிடுவான். வேலிப் பொட்டுக்குள்ளால் முதலில் பிள்ளையின் கால் மறையும், பிறகு இராசமலரின் கொண்டை மறையும். புனிதம் நனைந்த சட்டையோடு குந்தியிருப்பாள்.

இராசமலர் புனிதத்தின் புருஷன் றொனால்டின் மூத்த அக்கா. பெற்றது ஐந்து, ஐந்தும் உயிரோடு இருந்தன. முள்ளிவாய்க்கால் கரையில் சண்டை நடந்த அந்த வருடங்களில் இது சின்ன விஷயம் இல்லை. மலேரியா ஒரு பக்கம், கடலில் இருந்து வரும் ஷெல் ஒரு பக்கம், மருந்து வராத ஆஸ்பத்திரி இன்னொரு பக்கம். இத்தனைக்குள்ளும் ஐந்தையும் தப்ப வைத்தவளுக்குக் கைராசி இருக்கிறது என்று அயல் முழுக்க நம்பியது. அவளும் நம்பினாள். அதனால்தான் டிலக்ஸனை அவளுக்கு விற்றார்கள்.

விற்றது காசுக்கு இல்லை, தவிட்டுக்கு. முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பார்கள். இது இந்தத் தாயின் பிள்ளை இல்லை, தவிட்டு விலைதான் பெறும் என்று காட்டிவிட்டால், பார்க்க வரும் சாவு முகத்தைச் சுழித்துக்கொண்டு போய்விடுமாம். ஞானஸ்நானம் கொடுத்த சுவாமிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தெரியாதவர் மாதிரி இருந்திருப்பார். சுளகில் பிள்ளையைக் கிடத்தினார்கள். இராசமலர் ஒரு கொத்துத் தவிட்டைப் புனிதத்தின் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைச் சுளகோடு தூக்கினாள். மற்ற வீடுகளில் என்றால் வாங்கியவள் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "இந்தா, எனக்காக வளத்துத் தா" என்று பிள்ளையைக் கொடுத்துவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், அதோடு முடிந்தது. இராசமலரும் திரும்பித்தான் வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தாள்.

"பகலிலை நீ வைச்சிரு. இரவிலை என்னோடை. பல்லு முளைக்கட்டும், பிறகு பாப்பம். அந்தப் பெட்டைக்கு நடந்தது இவனுக்கும் நடக்கக் கூடாது."

அந்தப் பெட்டை, நிதர்சனா. புனிதத்தின் மூத்தது. இரண்டு மாதப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் இரவு ஓயாமல் அழுதது. குப்புறப் போட்டால் நித்திரை கொள்ளும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள், புனிதமும் அப்படியே போட்டாள். மெத்தென்று இருக்கட்டும் என்று தான் தைத்த இலவம்பஞ்சுத் தலையணையையும் வைத்தாள். பிள்ளை அடங்கி நித்திரை கொண்டது. விடிய எழும்பவில்லை. தூக்கிப் பார்த்தபோது மூக்கிலும் கன்னத்திலும் தலையணைத் தையலின் கோடு பதிந்திருந்தது.

தாய் புரண்டு படுத்து நெரித்துப்போட்டாள் என்றார்கள் சிலர். கறுப்பு, பேய் அடித்துவிட்டது என்றார்கள் சிலர். புனிதத்தின் கண்ணுக்குள் அந்தக் கோடு மட்டும் நின்றது. தன் கையே தனக்குப் பயமாகிப் போன அந்த நேரத்தில்தான் அவள் பிள்ளையை விற்கச் சம்மதித்தாள்.

சம்மதித்த பிறகுதான் இரவுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டிலக்ஸன் அழுவான். இந்தப் பக்கம் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். எழும்பினால் றொனால்ட், "அக்கா பாத்துக்கொள்ளுவா, படு" என்பான். இராசமலர் சீனித் தண்ணி கரைத்துக் கொடுப்பாள், அழுகை நிற்கும். நிற்கிற ஒவ்வொரு தடவையும் புனிதத்தின் நெஞ்சும் சேர்ந்து நிற்கும்.

ஒருநாள் பொழுது பட்ட கையோடு டிலக்ஸன் அழத் தொடங்கினான். இருமிக்கொண்டு அழுதான். பிறகு சட்டென்று சத்தம் இல்லாமல் போய்விட்டது. புனிதம் அடுப்பில் வைத்த சட்டியை அப்படியே விட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடினாள்.

இராசமலர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தபோது புகை முகத்தில் அடித்தது. மூலையில் ஒரு சட்டியில் தேங்காய்ப் பொச்சும் வேப்பமிலையும் சாம்பிராணியும் கனன்றுகொண்டிருந்தன. பாயில் இராசமலரின் கடைசி இரண்டும் கையைக் காலை எறிந்துகொண்டு படுத்திருந்தன. அதுகளுக்கு நடுவில், இரண்டு தலையணையை அடுக்கி, அதன் மேலே குப்புறக் கிடந்தான் டிலக்ஸன். முதுகு மூடப் போர்வை. தலைமாட்டில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. பிள்ளையின் முகம் எங்கே என்று தெரியவில்லை.

புனிதம் அவனைப் புரட்டினாள். முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. கண்ணைச் சுருக்கி ஒரு மூச்சை இழுத்தான், பிறகு இருமினான்.

இராசமலர் குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்தாள். "ஆரடி அது? ஐயோ, இப்பதானேயடி கண்ணை மூடினவன்!" என்றவள் குனிந்து பிள்ளையைத் திரும்பவும் குப்புறப் போட்டாள்.

புனிதம் மல்லாத்தினாள்.

"மல்லாந்து கிடந்தால் திடுக்கிட்டு எழும்புவான்."

"எழும்பட்டும்."

"தலை சப்பையாய்ப் போகும்."

"போகட்டும்."

வெளியே வலைக் கயிறு திரித்துக்கொண்டிருந்த இராசமலரின் புருஷன் இன்னாசித்தம்பி உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ரை தலையும் சப்பைதான். அதாலை எனக்கென்ன குறை? குடம் வைச்சால் ஆடாமல் நிக்கும்."

"நீங்கள் வாயை மூடுங்கோ," என்றாள் இராசமலர். பிறகு புனிதத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. அவளுடைய குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும். "பிள்ளையைப் படுக்க வைக்கத் தெரிஞ்சவள் எண்டால் ஏன் எனக்கு வித்தனி?"

இன்னாசித்தம்பி எட்டிப் பார்த்த தலையை வெளியே இழுத்துக்கொண்டார். புனிதத்துக்கு முகம் எரிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போயிருப்பாள். இரண்டு வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் குனிந்தது பிள்ளையைத் தூக்குவதற்கு.

"எனக்குத் தெரியாது மச்சாள். தெரியாதபடியால்தான் இனி முகம் தெரியப் படுக்க வைக்கப்போறன். என்ரை வீட்டிலை."

"வித்த பிள்ளையடி அது!"

"தவிட்டை ஆடு திண்டு முடிச்சிட்டுது. அதோடை வியாபாரமும் முடிஞ்சுது."

சொன்னது தானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வேலிப் பொட்டு சின்னது; பிள்ளையோடு நன்றாகக் குனிந்து போகவேண்டியிருந்தது. பின்னால் இராசமலர், "ஏதும் நடந்தால் என்னட்டை ஓடி வராதை!" என்று கத்தியது இரண்டு பக்கமும் வீடுகள் நின்ற அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த பிரச்சினை ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்தது. நுளம்பு. நந்திக்கடல் பக்கம் இருந்து பொழுது படப் படப் பனிப்புகார் மாதிரி எழும்பி வரும். புகை போட்டால் பிள்ளை இருமும். போடாவிட்டால் காய்ச்சல். அன்று விடியும்வரை புனிதம் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அப்படியும் காலையில் பிள்ளையின் காலில் சிவப்புப் பொட்டுகள்.

"பாத்தியே?" என்றான் றொனால்ட். "அக்கா சும்மாவா புகை போடுறா?"

"எங்களுக்கு ஒரு வலை தந்தவையெல்லே," என்றாள் புனிதம்.

றொனால்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வலை தந்தது உண்மை. புனிதம் வயிற்றோடு இருந்தபோது கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு என்று கொடுத்த நுளம்பு வலை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே றொனால்ட் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். எவ்வளவு சின்னக் கண்! எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, கடலுக்குப் போனால் நேவிக்காரன் சுடுகிறான். வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்க, ஆழமில்லாத நந்திக்கடல் களப்பில் கூனி மட்டும் கரை ஓரம் வரைக்கும் வந்து துள்ளியது. கூனி என்றால் இறாலில் பொடி, விரல் நகத்தில் பாதி. சாதாரண வலையில் நிற்காது. நுளம்பு போகாத கண்ணுக்குள்ளால் கூனியும் போகாது. றொனால்டும் இன்னாசித்தம்பியும் வலையை வெட்டி, வாய்க்குக் கயிறு கோத்து, இரண்டு பக்கமும் தடி கட்டி, அடுத்த நாளே கூனி இழுத்தார்கள். அவர்கள் மட்டும் இல்லை. அந்தக் கரைக்குக் கொடுத்த நுளம்பு வலை முழுக்க நந்திக்கடலுக்குள்தான் கிடந்தது. பிள்ளைகள் புகைக்குள் கிடந்தார்கள்.

புனிதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் மீன் வெட்டும் கத்தியோடு களப்புக் கரைக்குப் போனாள். வலை இரண்டு கம்பில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னாசித்தம்பி பக்கத்து மணலில் கூனி பரப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, கூனி வேணுமே?"

"வலை வேணும் அண்ணை."

அவர் சிரித்தார். அவள் கயிற்றை அறுக்கத் தொடங்கியதும் சிரிப்பை விட்டார். "ஏய் ஏய், பிள்ளை! அது தொழில் வலை!"

"இது இவனுக்குத் தந்த வலை. இவன் வயித்துக்குள்ளை இருக்கேக்கை தந்தது. இவனிட்டைக் கேட்டே எடுத்தனீங்கள்?"

"அவன் அப்ப கதைக்க மாட்டானே!"

"இப்ப நான் கதைக்கிறன்."

சத்தம் கேட்டு றொனால்ட் இடுப்பளவு தண்ணீருக்குள் இருந்து ஓடி வந்தான். "உனக்கு விசர் பிடிச்சிட்டுதே? இதை வைச்சுத்தானே விசுவமடுக்காரர் அரிசி தருகினம். வலை போனால் கூனி எங்கை? கூனி போனால் சோறு எங்கை?"

"மரவள்ளி கிடக்கு. முருங்கையிலை கிடக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"இவன் காய்ச்சலிலை கிடந்தால் அப்ப சோறு இறங்குமே உங்களுக்கு?"

அவன் கத்தியைப் பறிக்கக் கை நீட்டினான். புனிதம் ஓரடி பின்னுக்குப் போகவில்லை. அவளுடைய கண்ணைப் பார்த்தவன் நீட்டிய கையைத் தன் தலைக்கே கொண்டுபோய்ச் சொறிந்தான். கரையில் நின்ற மற்ற ஆட்கள் பகிடி பண்ணினார்கள். "றொனால்ட், நாளைக்கு வள்ளத்தையும் தொட்டிலாக்கப் போறா, கவனம்!" புனிதம் கடைசிக் கயிற்றையும் அறுத்து, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். சேறும் கூனியுமாக அது நாறியது. அது நாறினாலும் அவளுக்குக் கனக்கவில்லை.

கழுவுவது லேசான வேலையாக இருக்கவில்லை. சவர்க்காரம் இல்லை. சாம்பல் தண்ணீரில் ஊறப் போட்டாள், வேப்பமிலை அவித்த தண்ணீரில் அலசினாள், வெயிலில் போட்டாள். நாற்றம் போன மாதிரி இருந்தது. பொழுது பட்டதும் எறும்புகள் சாரி சாரியாக வந்து, நாற்றம் போகவில்லை என்று காட்டின. திரும்பவும் ஊறப் போட்டாள். அன்றைய இரவும் விசிறியோடுதான் போனது.

அடுத்த நாள் கிழிசல்களைத் தைக்கக் குந்தினாள். றொனால்ட் கோபத்தில் கதைக்காமல் இருந்தான். மரவள்ளிக் கிழங்கைச் சப்பிக்கொண்டு தையலைப் பார்த்தான். தொழில்காரன் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை.

"இது என்ன தையல்? நுளம்பு குடும்பத்தோடை, சாமான் சட்டியோடை வரும். கொண்டா இஞ்சை."

வலையை வாங்கி, மெல்லிய நைலோன் இழை கோத்து, ஒவ்வொரு ஓட்டையாகப் பொத்தினான். சமாதானம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. பொத்தி முடித்ததும் நாலு கம்பை வெட்டி நட்டு, வலையை அதில் கட்டியும் விட்டான். "அக்காவுக்குச் சொல்லாதை," என்றான்.

புனிதம் தன் மனதுக்குப் பட்டபடி படுக்கை போட்டாள். வெறும் பாய். மேலே பழைய பருத்திச் சேலை ஒன்றை மடித்து, சுருக்கு விழாமல் இழுத்து விரித்தாள். தலையணை இல்லை. போர்வை இல்லை. வலையின் ஓரத்தைப் பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் பாயின் அடியில் செருகினாள். விளக்கைத் தூரக் கொண்டுபோய்ப் பெட்டகத்துக்கு மேல் வைத்தாள். பிள்ளைக்குத் தனிப் பாய், தனக்குப் பக்கத்தில் வேறு பாய், கை நீட்டினால் தொடும் தூரத்தில். வயிறு நிறையப் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏவறை வர வைத்து, மல்லாக்கக் கிடத்தினாள்.

டிலக்ஸன் கண்ணை மூடினான். பிறகு இராசமலர் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டான், எழும்பினான், ஊரைக் கூட்டினான்.

தூக்கினாள், தாலாட்டினாள், கிடத்தினாள். திடுக்கிட்டான். மறுபடியும். வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, ஒருவருக்கும் இல்லாதது மாதிரி ஒரு குரல் வந்தது: "குப்புறப் போட்டால் இந்நேரம் நித்திரையாயிருக்கும். சிலருக்குப் பிடிவாதம் பெரிசு, பிள்ளை பெரிசில்லை."

றொனால்ட் காதைப் பொத்திக்கொண்டான். "கொண்டுபோய்க் குடுத்திட்டு வாவன் அக்காவிட்டை."

"மாட்டன்."

"அழுது செத்துப்போவான்."

"அழுற பிள்ளை மூச்சு விடுது," என்றாள் புனிதம். "எனக்கு அழுற சத்தம் பயமில்லை."

றொனால்ட் காதிலிருந்து கையை எடுத்தான். சத்தம் இல்லாமல் போவதுதான் பயம் என்று அவனுக்கும் தெரியும்.

வந்த நாட்களும் அப்படித்தான். சில நேரம் அவளுக்கே ஆத்திரம் வந்து, ஒரே ஒரு தடவை குப்புறப் போட்டால் என்ன என்று தோன்றும். கை பிள்ளையின் விலாவுக்குக் கீழே போகும். அப்போது அந்தத் தையல் கோடு கண்ணுக்கு முன்னால் வரும், கையை எடுத்துவிடுவாள். பிறகு ஒருநாள், அவன் திடுக்கிட்டுக் கை விரித்த கணத்தில், தூக்காமல், இரண்டு குட்டிக் கையையும் சேர்த்து அவன் நெஞ்சில் வைத்துத் தன் உள்ளங்கையால் மெல்ல மூடிக்கொண்டாள். அமுக்கவில்லை, வெறுமனே வைத்திருந்தாள். அவன் திடுக்கிட்ட திடுக்கம் அவளுடைய கைக்குள் வந்து நின்றது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஒண்டுமில்லையடா. அது காத்து. அது நாய். அது உன்ரை மாமி, கத்திப்போட்டுப் படுத்திடுவா." டிலக்ஸன் பெருமூச்சு ஒன்று விட்டான். கை தளர்ந்தது. வாய் திறந்தபடி, முகம் கூரையைப் பார்த்தபடி, நித்திரை கொண்டான்.

அழுகைச் சத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுபோனது வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். வேலிப் பொட்டு சரசரத்தது. இராசமலர் வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கையில் செபமாலை.

"ஏனடி சத்தமில்லை? என்ன நடந்தது?"

"நித்திரை."

இராசமலர் நம்பவில்லை. குனிந்து வலையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பழக்கம் விடாமல், பிள்ளையின் விலாவுக்குக் கீழே கையைக் கொடுத்துப் புரட்டப் போனாள்.

புனிதம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடடி. இப்பிடிக் கிடந்தால் பால் கக்கினால் புரைக்கேறும். அஞ்சு பெத்தவள் சொல்லுறன்."

"கக்கினால் தலையைத் திருப்புவான். நான் பக்கத்திலை கிடக்கிறன். மல்லாந்தே கிடக்கட்டும்."

"ஏதும் நடந்தால்?"

"நடந்தால் என்ரை தலையிலை போடுங்கோ. மூத்தவளையும் என்ரை தலையிலைதானே போட்டனீங்கள் எல்லாரும். நடக்காட்டில் அதையும் என்ரை தலையிலை போடவேணும். அதுதான் கதை."

இராசமலரின் மற்றக் கை செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்குப் பயம் என்று புனிதம் அப்போதுதான் கண்டாள். ஐந்து பெற்றவளுக்கு, ஊரையே அதட்டுகிறவளுக்கு. நிதர்சனாவின் குட்டிப் பெட்டியை, அடக்கம் செய்யச் சேமக்காலை வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அதற்காகப் புனிதம் கையை விடவில்லை. அவள் தானாகக் கையை இழுத்து, தலையை வலைக்கு வெளியே எடுத்து, பாயைவிட்டு எழும்பும்வரை பிடித்திருந்தாள்.

"பேய்ப்பெட்டை," என்றாள் இராசமலர். மூக்கைச் சுளித்தாள். "இந்த வலை கூனி மணக்குது."

"ஓம். மணந்தால் மணக்கட்டும்."

இராசமலர் போனாள். புனிதம் வலையின் ஓரத்தைத் திரும்பவும் செருகினாள்.

விடிந்தும் விடியாததுமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. அதட்டல் இல்லாத குரல். இந்த ஒழுங்கையில் ஒருவரும் அவளிடம் அந்தக் குரலைக் கேட்டது கிடையாது.

"புனிதம்... பிள்ளை எழும்பிட்டானே?"

டிலக்ஸன் எப்போதோ எழும்பிவிட்டான். வலைக்குள் மல்லாந்து கிடந்தபடி காலை உதைத்து, தன் பெருவிரலைப் பிடிக்க முயன்று தவறவிட்டுக்கொண்டிருந்தான். காலில் ஒரு சிவப்புப் பொட்டு இல்லை. புனிதம் அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அடுத்த வேலிக்கும், அதற்கு அடுத்த வேலிக்கும், கிணற்றடியில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எழும்பிட்டான் மச்சாள். நான்தான் நித்திரையாக்கினனான்!"